முதல் ஓசை: தார்தீனியின் கடிதத்தை வாசித்தல்

ஆசான்களின் அறிவுரை என்று நமக்கு வந்து சேர்பவற்றில் பெரும்பாலானவை பொன்மொழிகள். மனதால் வாசி, மௌனத்தைக் கேள், உன்னை மறந்துவிடு என்கிற வகை. கேட்கும்போது சிலிர்க்கும். மறுநாள் காலை வாத்தியத்தைக் கையில் எடுத்து உட்கார்ந்தால், சரி, இப்போ என்ன செய்யணும் என்ற கேள்விக்கு அவற்றில் பதில் இருக்காது. பெரிய கலைஞர்களின் பேட்டிகளைத் தேடித்தேடிப் பார்க்கும் எவருக்கும் இந்த ஏமாற்றம் பழக்கமானது.

1760ஆம் ஆண்டு மார்ச் 5 அன்று பதுவா நகரிலிருந்து ஜுசெப்பே தார்தீனி ஒரு மாணவிக்கு எழுதிய கடிதம் இதற்கு நேர் எதிரானது. அப்போது அவருக்கு 67 வயது. ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் அவரிடம் வயலின் கற்க ஆட்கள் வந்துகொண்டிருந்த காலம். கடிதத்தைப் பெற்ற மத்தலேனா லோம்பார்தீனிக்கு 14 வயது. தார்தீனி இறந்த 1770இல் அது வெனிஸில் அச்சாகியது. அடுத்த சில ஆண்டுகளில் இசை வரலாற்றாசிரியர் சார்லஸ் பர்னி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். சில பக்கங்கள்தான். அரை மணி நேரத்தில் படித்துவிடலாம், செய்து பார்க்கத்தான் ஆண்டுகள் வேண்டும்.

இந்தக் கடிதத்தில் இசையின் ஆன்மா பற்றி ஒரு பத்தி கூட இல்லை. வெளிப்பாடு என்பது இலக்காக ஆரம்பத்தில் ஒரு வரியில் வந்து போகிறது. மீதி எல்லாமே வில், மணிக்கட்டு, விரல். ஆகவே இதை ஒரு தொழில்நுட்பக் குறிப்பு என்று ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. வாசிப்புத்திறன் வேறு, இசைமை வேறு என்று நாம் போட்டு வைத்திருக்கும் கோடு எவ்வளவு பொய்யானது என்பதை இவ்வளவு சிக்கனமாகக் காட்டும் இன்னொரு பிரதியை நான் படித்ததில்லை.

எழுதியவரும் பெற்றவரும்

தார்தீனி 1692இல் பிரானோவில் பிறந்தவர். ஊர் இன்று ஸ்லொவேனியாவில் இருக்கிறது. 1716 வாக்கில் வெனிஸில் வெராச்சினி என்ற வயலின் கலைஞரின் வாசிப்பைக் கேட்டு, தன் வில் போதாது என்று முடிவெடுத்து, அங்கோனாவுக்கு ஒதுங்கிப்போய் வில்லை முதலிலிருந்து பழகினார் என்பது அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1721இலிருந்து பதுவாவின் புனித அந்தோனியார் பேராலயத்தில் வயலின் கலைஞர். 1720களின் இறுதியில் அவர் தொடங்கிய பள்ளிக்குப் பல நாட்டு மாணவர்கள் வந்ததால் 'தேசங்களின் பள்ளி' என்றே பெயர் விழுந்தது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தார்தீனி இயல்பில் வறண்ட மனிதர் அல்ல. தன் கையெழுத்துப் பிரதிகளின் ஓரங்களில் கவிதை வரிகளை ரகசியக் குறியீட்டில் எழுதி வைத்தவர் அவர். அந்தக் குறியீட்டை 1930களில்தான் உடைத்தார்கள். 1754இல் வெளியிட்ட இசை ஆய்வுநூலில் வட்டம், சதுரம், விகிதம் என்று கணிதத்துக்கும் மெய்யியலுக்கும் நடுவே அலைந்தவர். கனவில் சாத்தான் வந்து வாசித்துக் காட்டிய இசைதான் தன் புகழ்பெற்ற சொனாட்டா என்று பயணி லலாந்திடம் சொன்னதாகப் பதிவாகியிருக்கும் மனிதரும் அவரே. மாயமாகப் பேச வராதவர் இல்லை. இந்தக் கடிதத்தில் அப்படிப் பேசவில்லை, அவ்வளவுதான். அதை ஒரு தேர்வாகத்தான் நான் வாசிக்கிறேன்.

பெற்றவரின் நிலை வேறு. மத்தலேனா ஏழு வயதில் வெனிஸின் மெந்திகாந்தி இல்லத்தில் சேர்க்கப்பட்டவர். வெனிஸில் இப்படி நான்கு தர்ம இல்லங்கள் இருந்தன. விவால்டி பணியாற்றிய பியேத்தா அவற்றில் ஒன்று. பெண்கள் அங்கே பாடினார்கள், எல்லா வாத்தியங்களையும் வாசித்தார்கள், ஆனால் கம்பித் தட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு. மெந்திகாந்தியில் அந்தக் குரல்களைக் கேட்டு மயங்கிய ரூசோ, முகங்களை மறைத்த அந்தத் தட்டியின் மீது எரிச்சல்பட்டதைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். வெளியே போகவும் மணம் செய்துகொள்ளவும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு, நினைத்தபோது ஆசானின் முன்னால் போய் உட்கார முடியாத பெண்ணுக்கு, தாளில் என்ன சொல்லிக்கொடுக்க முடியும்? கடிதத்தின் ஒவ்வொரு தீர்மானமும் இந்தக் கேள்விக்கான பதில்.

தொடக்கத்திலேயே தார்தீனி ஒரு வாக்குறுதி தருகிறார். நான் தெளிவாகச் சொல்லாத இடம் இருந்தால் உன் சந்தேகங்களை எழுதி அனுப்பு, அடுத்த கடிதத்தில் தீர்த்துவைக்கிறேன் என்பது சாரம். புரியவில்லை என்றால் அது எழுதியவனின் பொறுப்பும்கூட என்ற இந்த ஒப்புதல் சின்ன விஷயம் அல்ல. மென்பொருள் வேலையில் கையேடு எழுதியவர்களுக்கு இதன் அருமை தெரியும். படிப்பவனைக் குறை சொல்வது அத்தனை சுலபம்.

மூச்சு போல

முதல் பாடம் வில்லின் அழுத்தம். தந்தியில் வில் படும் கணத்தில் எடையே இருக்கக்கூடாது, மென்மையாக வைத்து அதன் பிறகுதான் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும் என்கிறார். ஓசை உராய்விலிருந்து பிறக்க வேண்டும், சுத்தியலால் அடித்த மாதிரி அல்ல, மூச்சு விட்ட மாதிரி. ஆரம்பம் மென்மையாக அமைந்துவிட்டால் பிறகு எவ்வளவு அழுத்தினாலும் ஓசை கரடாகிவிடும் என்ற பயம் அனேகமாகத் தேவையில்லை என்றும் சேர்க்கிறார்.

இதில் எனக்குப் பிடித்தது அந்தக் கடைசிப் பகுதி. மென்மையாக வாசி என்று அவர் சொல்லவில்லை. மென்மையாகத் தொடங்கினால் வலிமைக்கு உரிமை கிடைக்கிறது என்கிறார்.

இயற்பியல் இதைப் பற்றி என்ன சொல்கிறது? வில்லின் முடி தந்தியைப் பிடித்து இழுக்கிறது, தந்தி நழுவுகிறது, மறுபடி பிடிக்கிறது. நல்ல ஓசையில் ஒவ்வோர் அதிர்வுக்கும் ஒரே ஒரு பிடிப்பு, ஒரே ஒரு நழுவல். இன்றைய சுருதியில் இரண்டாம் தந்தியில் இது நொடிக்கு நானூறு தடவைக்கு மேல் நடக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்டு சொன்னது இது. அழுத்தம் குறைந்தால் தந்தி கூடுதலாக நழுவி ஓசை சீறும், அழுத்தம் மிஞ்சினால் நழுவ வேண்டிய நேரத்தில் நழுவாமல் கதவுக் கீல் மாதிரி கிரீச்சிடும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வரம்பு இருக்கிறது. குதிரைக்கு அருகே வில் போகப்போக அந்த வரம்பு குறுகும் என்பதை 1973இல் ஷெல்லெங் ஒரு வரைபடமாகவே போட்டுக் காட்டினார்.

சிக்கல் முதல் கணத்தில்தான். தந்தி அப்போதுதான் அசைய ஆரம்பிக்கிறது, ஒழுங்கான சுழற்சி இன்னும் அமையவில்லை. நின்ற வண்டியைக் கிளப்பும்போது கிளட்சை விடுவது போன்ற கட்டம். வில்லின் வேகம் எந்த அளவில் கூடுகிறதோ அதற்குப் பொருத்தமான அழுத்தம் வேண்டும். சுழற்சி அமைந்த பிறகு அது கணிசமான அழுத்தத்தைத் தாங்கிக்கொள்ளும். தார்தீனி சொல்வதும் இதுவேதான். ஆனால் அவர் சொல்வது பல வழிகளில் ஒன்று, பாதுகாப்பான ஒன்று. தந்தியை முன்கூட்டியே அழுத்திப் பிடித்து, ஒரு வெடிப்போடு விடுவித்துச் சுத்தமாக ஓசை எழுப்பவும் முடியும், இன்றைய கலைஞர்கள் அன்றாடம் செய்கிறார்கள். அவர்கள் கையிலிருக்கும் வில் வேறு என்பதையும் மறக்கக்கூடாது. உட்பக்கம் வளைந்த இன்றைய வில் 1780களை ஒட்டி பாரீஸில் தூர்த்தின் பட்டறையில் உறுதிப்பட்ட வடிவம். அதற்கு முந்தைய வில்லில் முடி கொஞ்சம் இளகிக்கொடுக்கும், நுனி லேசாக இருக்கும், ஓசை தானாகவே சிறிது மலர்ந்துதான் எழும். தார்தீனியின் அறிவுரையில் அவர் கையிலிருந்த மரத்தின் குணமும் கலந்திருக்கிறது.

புதுமை என்று பார்த்தால் இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. நான்கு ஆண்டுகள் முன்பு, 1756இல், லியோபோல்ட் மோட்சார்ட் தன் வயலின் நூலில், எவ்வளவு வலிமையான ஓசைக்கும் ஆரம்பத்தில் காதில் விழாத அளவுக்காவது ஒரு மென்மை இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார். ஜெமினியானியும் 1751இல் ஓசை வளர்வதைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர்கள் எழுதியவை முழு நூல்கள். வயலினின் வரலாறு, பிடிக்கும் விதம், அலங்காரங்கள் எல்லாம் அங்கே வரிசையாக உண்டு. தார்தீனி நூல் எழுதவில்லை. ஒருத்திக்கு, இந்த மாதம், எது முதலில் எது அடுத்தது என்று எழுதுகிறார். தகவலில் அல்ல, வரிசையில் இருக்கிறது இந்தக் கடிதத்தின் மேதமை.

ஒரு தந்தி, ஒரு மணி நேரம்

அந்தத் தொடுதலை எப்படிப் பழகுவது? ஒரு திறந்த தந்தியை, உதாரணமாக இரண்டாவதை, எடுத்துக்கொள். கேட்குமோ கேட்காதோ என்ற அளவில் தொடங்கி, படிப்படியாக வளர்த்து உச்சத்துக்குக் கொண்டு போ. வில்லை இழுக்கும்போதும் தள்ளும்போதும் ஒரே மாதிரி வர வேண்டும். தினமும் குறைந்தது ஒரு மணி நேரம், ஒரே மூச்சில் அல்ல, காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். எல்லாப் பயிற்சிகளிலும் இதுவே கடினம், இதுவே அவசியம் என்று எச்சரிக்கிறார்.

திறந்த தந்தி என்பதைக் கவனியுங்கள். இடது கைக்கு வேலை இல்லை. விரலை அசைத்து ஓசையை அழகாக்கி ஓட்டையை அடைக்க முடியாது. ஸ்வரமும் ஒன்றே என்பதால் ராகத்தின் தயவும் கிடையாது. எங்கே கை நடுங்கியது, வில் பாதியைத் தாண்டும்போது எங்கே எடை சரிந்தது என்பதெல்லாம் அப்பட்டமாகக் கேட்கும். சொல்லித்தர ஆள் இல்லாத அறையில் பயிற்சியே ஆசானாகிவிடுகிறது. தவறு தன்னைத்தானே காட்டிக்கொள்ளும்படி அமைத்த பயிற்சி இது. நிரல் எழுதுபவர்கள் சோதனை எழுதுவதும் இதற்காகத்தான். கூட யாரும் இல்லாத நேரத்தில் தப்பு தப்பு என்று யாராவது சொல்லணுமே.

இந்தப் பயிற்சிக்கு அவர் வைக்கும் பெயர் மெஸ்ஸா தி வோச்சே. அது பாடகர்களின் சொல், குரலைச் சிறிதாக எடுத்து வளர்ப்பது. மத்தலேனா வளர்ந்த இல்லத்தில் காலையும் மாலையும் பாட்டு. அந்தச் சொல்லின் பொருள் அவள் தொண்டைக்கு ஏற்கனவே தெரியும். தெரிந்த ஒன்றைத் தெரியாத கைக்கு மாற்றிக்கொள் என்கிறார். ஒரே சொல்லில் பாதி பாடம் முடிந்துவிடுகிறது.

இடைவெளி

இரண்டாவது பாடம் வேகம். 1700இல் வெளியான கொரெல்லியின் ஐந்தாம் தொகுப்பு சொனாட்டாக்களில் முழுக்க வேகமான சிறு ஸ்வரங்களாகவே ஓடும் பகுதிகள் சில உண்டு. தினமும் அவற்றில் ஒன்றை வாசி, நாளுக்கு நாள் வேகம் கூட்டு என்கிறார். இரண்டு நிபந்தனைகள். ஒன்று, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே சிறு இடைவெளி வேண்டும், எழுதாத ஒரு மௌனம் அங்கே இருப்பது போல. இரண்டு, முதலில் வில்லின் நுனியில் வாசி, அது சுலபமானதும் நுனிக்கும் நடுவுக்கும் இடைப்பட்ட பகுதியில், பிறகு நடுவில். சில நாள் இழுத்துத் தொடங்கு, சில நாள் தள்ளித் தொடங்கு.

வேகம் வேண்டுமென்றால் நிறுத்தப் பழகு என்பது மேலோட்டமாக முரண். ஆனால் வேகமாக வாசிக்கும்போது கையை இறுக்குவது வேகம் அல்ல, ஸ்வரங்களுக்கு நடுவே எடையை விடாமலேயே இருப்பதுதான். அந்தச் சிறு மௌனத்தில் கை தளர்கிறது. அடுத்த ஸ்வரம் மறுபடி ஒரு தொடக்கமாகிறது. அதாவது முதல் பாடத்தின் மென்மையான தொடுதல் இங்கே நொடிக்குப் பல முறை நிகழ வேண்டும். முதல் பாடம் முடியாமல் இரண்டாவதற்கு வர முடியாது என்று அவர் சொல்வதன் தர்க்கம் இதுதான்.

வில் ஒரு தந்தியைத் தாண்டிக் குதிக்கும் கோவைகளையும் இந்த இடத்தில் சேர்க்கிறார். சில மாதிரிகளை மட்டும் எழுதிக்காட்டிவிட்டு, மிச்சத்தை நீயே அப்போதைக்கப்போது எல்லாச் சுருதிகளிலும் இட்டுக்கட்டி வாசித்துக்கொள் என்று விட்டுவிடுகிறார். மெக்கானிக்கல் பயிற்சி என்று நாம் நினைக்கும் இடத்திலேயே கற்பனை உள்ளே வந்துவிட்டது.

கையில் கிடைத்த தாள்

இடது கைக்கு அவர் தரும் பாடம் இன்னும் வேடிக்கையானது. கை வழக்கமாக இருக்கும் இடத்திலிருந்து ஒரு ஸ்வரம் மேலே நகர்த்தி வை. எந்தக் கச்சேரிப் படைப்பின் வயலின் பகுதியானாலும் சரி, தேவாலயப் பாடலின் பகுதியானாலும் சரி, கையில் கிடைத்ததை எடு. அந்த இடத்திலிருந்து கையை அசைக்காமல் முழுதும் வாசி. எட்டவே எட்டாத ஓரிரு ஸ்வரங்களுக்கு மட்டும் விலக்கு. பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் அளவு பழகியதும் அடுத்த இடத்துக்குப் போ, பிறகு அதற்கடுத்தது.

சிறப்புப் பயிற்சி நூல் எதுவும் அவர் கேட்கவில்லை. மெந்திகாந்தியின் அலமாரியில் கிடக்கும் தாள்கள் போதும். பழகிய ஸ்வரத்துக்குப் பழகாத விரல் என்பதால் கையின் ஞாபகம் உதவாது, ஒவ்வொரு ஸ்வரத்தையும் காதால் முன்கூட்டியே கேட்டாக வேண்டும். விரல் பயிற்சி என்ற பெயரில் காதுப் பயிற்சி. கூடவே அவள் நிறைய இசையைப் படித்தும் விடுவாள்.

கடைசிப் பாடம் ட்ரில். பக்கத்துப் பக்கத்து இரு ஸ்வரங்களை மாற்றி மாற்றி ஒலிக்கச்செய்யும் அலங்காரம். மெதுவான ஒன்று, நடுத்தரமானது ஒன்று, வேகமானது ஒன்று எனத் தனித்தனியாகப் பழக வேண்டும், சோகமான மெதுநடைப் பகுதியில் வரும் ட்ரில்லும் துள்ளும் பகுதியில் வரும் ட்ரில்லும் ஒன்றாக இருக்க முடியாது என்கிறார். ஒரு திறனைப் பெற்றதும் அதை எங்கும் ஒரே மாதிரி காட்டுவது வித்வத் அல்ல. இந்த இடத்துக்கு எவ்வளவு என்று கேட்கத் தெரிவது, அந்த 'எவ்வளவு'க்குக் கை தயாராக இருப்பது, இரண்டும் சேர்ந்ததுதான். இசைமை என்று நாம் தனியாகப் பேசுவதை அவர் வேகத்தின் மூன்று அளவுகளாக்கி அவள் கையில் கொடுத்துவிடுகிறார்.

சொல்லாதவை

குறைகள் இல்லாத பிரதி அல்ல இது. ஸ்வர சுத்தம் பற்றி ஒரு பாடமும் இல்லை. இதை எழுதியவர் யார்? இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்து வாசிக்கும்போது அடியில் மூன்றாவதாக ஓர் ஓசை எழுவதைக் கவனித்து, அதை வைத்தே சுருதி சரியா என்று சோதிக்கத் தன் மாணவர்களுக்குக் கற்பித்தவர். அவரே இங்கே அதைத் தொடவில்லை. அவளுக்குக் காது இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார், அவள் விஷயத்தில் அது சரியும்கூட. ஆனால் பர்னி அதை மொழிபெயர்த்து வயலின் வாசிப்பவர்கள் எல்லோருக்குமான பாடம் என்று வெளியிட்டபோது அந்த மறைந்திருந்த நிபந்தனை காணாமல் போய்விட்டது. நாள் முழுக்கப் பாட்டு கேட்கும் வீட்டில் வளராதவன், இந்தப் படிகளை அப்படியே பின்பற்றினால், சுருதி விலகிய ஸ்வரங்களை மிக அழகான வில்லால் வாசிக்கக் கற்றுக்கொள்ளலாம். ஒருத்திக்கான அறிவுரை எல்லோருக்குமான விதியாகும்போது நடப்பது இதுதான். அறிவுரைத் தொகுப்புகளைப் படிக்கும்போதெல்லாம் இது யாருக்குச் சொன்னது என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது.

நம் பக்கத்துக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்தில் கர்நாடக இசைக்குள் வந்த வயலின், பாடகரின் குரலைத் தொடர்வதையே தன் தர்மமாக்கிக்கொண்டது. அதனால் நம் பேச்செல்லாம் இடது கையைப் பற்றி, கமகத்தைப் பற்றி. துவாரம் வெங்கடசாமி நாயுடுவைப் பற்றிப் பேசும்போதுதான் வில்லின் நாதம் என்ற சொல் அடிக்கடி காதில் விழுகிறது. சிறுவயதில் சில ஆண்டுகள் வயலின் கற்றவன் என்ற முறையில் சொல்கிறேன், திறந்த தந்தியில் இந்தப் பயிற்சியைக் காலை பதினைந்து நிமிடம் செய்துவிட்டு ஒரு வர்ணத்தை எடுத்தால், குரலைத் தொடர்வது என்பதில் பாதி வில்லின் வேலை என்பது கேட்கிறது. சாகித்தியத்தின் ஒரு மெல்லெழுத்தும் வல்லெழுத்தும் வில்லின் தொடுதலில்தான் பிரிகின்றன. வேறு மரபின் கடிதம் நமக்குப் பயன்படும் இடம் இது.

மத்தலேனா பிறகு நிர்வாகத்தின் அனுமதியோடு பதுவாவுக்கே போய் தார்தீனியிடம் கற்றார். 1767இல் லொதோவிக்கோ சிர்மன் என்ற வயலின் கலைஞரை மணந்து மெந்திகாந்தியை விட்டு வெளியேறினார். 1768இல் பாரீஸ், 1771இல் லண்டன் என மேடைகள். கம்பித் தட்டி இல்லாத மேடைகள். 1769இல் பாரீஸில் அவருடைய ஆறு நால்வர் இசைப் படைப்புகள் அச்சாயின, அட்டையில் கணவர் பெயரும் சேர்ந்தே இருந்தது. அவருடைய வயலின் கச்சேரிப் படைப்பு ஒன்று சால்ஸ்பர்க்கில் வாசிக்கப்பட்டதைக் கேட்டு, 1778இல் லியோபோல்ட் மோட்சார்ட் கடிதமொன்றில் அதைப் பாராட்டி எழுதினார். பின்னாளில் பாடகியாகவும் மேடையேறினார். 1818இல் வெனிஸில் இறந்தார்.

இத்தனைக்கும் காரணம் ஒரு கடிதம் என்று சொன்னால் அது மிகை. திறமை அவருடையது, உழைப்பு அவருடையது. ஆனால் அந்தக் கடிதத்தில் ஓரிடத்திலும் தார்தீனி என்னைப் போல வாசி என்று சொல்லவில்லை. அவர் சொல்லித்தந்த எல்லாமே ஆசான் பக்கத்தில் இல்லாதபோதும் செய்யக்கூடியவை, செய்தது சரியா என்று தானே கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியவை. நினைத்த இடத்துக்குப் போக முடியாத ஒரு பெண்ணுக்கு அதைவிடப் பெரிய மரியாதையை ஓர் ஆசான் தந்திருக்க முடியாது.